கிபிர் எத்தனை சென்ரிமீற்றர்?

எங்கள் வீட்டு முன்னறை அலமாரியின் நடுத்தட்டில் போர் விமானங்கள் நிற்கின்றன. வீட்டுக்கு வருபவர்களில் பாதிப்பேர் அவற்றைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசுவதில்லை. மீதிப்பேர், "இதுகளை ஏன் வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறியள்?" என்று கேட்பார்கள். இப்போது சில காலமாக வேறொரு கேள்வியும் வருகிறது. 2009 இல் கைக்குழந்தைகளாகவும் சிறுபிள்ளைகளாகவும் இருந்தவர்கள் வளர்ந்துவிட்டார்கள். அவர்களில் சிலர், "அண்ணா, நானும் சேர்க்கப்போறன். எந்த சைஸில தொடங்கிறது?" என்கிறார்கள். இந்தக் கட்டுரை இரண்டாவது கேள்விக்கான பதில். அதைச் சொல்லப்போனால் முதலாவதையும் தொடாமல் போகமுடியாது.

சைஸ் என்று அவர்கள் சொல்வது அளவுத்திட்டத்தை. சாதாரண தரத்தில் புவியியல் படித்தவர்களுக்கு இடவிளக்கப் படத்தின் 1:50,000 நினைவிருக்கும். படத்தில் ஒரு சென்ரிமீற்றர், நிலத்தில் அரைக் கிலோமீற்றர். விமான மொடல்களிலும் கணக்கு அதேதான். 1:72 என்றால் உண்மையான விமானம் 72 மடங்கு பெரியது. 1:48 இல் மொடல் அதைவிடப் பெரிதாக இருக்கும். 1:144 இல் 1:72 இன் சரிபாதி. 1:200 இல் உள்ளங்கைக்குள் அடங்கும். இலக்கம் கூடக்கூட விமானம் சிறுத்துப்போகும். முதன்முதலாக வாங்குபவர்கள் இதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டு ஏமாறுவதுண்டு.

72 என்ற விசித்திரமான எண் அங்குலக் கணக்கில் இருந்து வந்தது. ஓர் அங்குலத்துக்கு ஆறு அடி. 1930களில் பிரித்தானியாவின் ஸ்கைபேர்ட்ஸ் மர மொடல்கள் இந்த அளவில்தான் வந்தன. பிறகு இரண்டாம் உலகப்போர் இதை நிலைநிறுத்தியது. 1942 இல் அமெரிக்கக் கடற்படை, பாடசாலை மாணவர்களிடம் 1:72 அளவில் 5 இலட்சம் விமான மொடல்களை மரத்தில் செய்து தரும்படி கேட்டது. அவை விளையாடுவதற்கல்ல. விமான எதிர்ப்புப் பீரங்கிக்காரர்களும் வான் காவலர்களும் தூரத்தில் வருவது தங்களுடையதா எதிரியுடையதா என்று உருவத்தைப் பார்த்துச் சொல்லப் பழகுவதற்கு. இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்கள் அதிகம் வாங்கும் அளவு, ஒருகாலத்தில் வானத்தைப் பார்த்து விமானத்தை இனங்காணப் பிள்ளைகள் கையால் செய்த அளவு.

எங்களுக்கு அந்தப் பயிற்சிக்கு மொடல் தேவைப்படவில்லை. நான் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் வளர்ந்தவன். பத்து வயதுக்குள் காதாலேயே பிரித்துச் சொல்லத் தெரியும். ஹெலி என்றால் எம்.ஐ.24, கட்டகட்டவென்று நெடுநேரம் முன்னமே கேட்கும். சியாமாசெட்டி என்று நாங்கள் கூப்பிட்ட இத்தாலியத் தயாரிப்பான சியாய் மார்செட்டி, சுழன்று சுழன்று வரும். வேவு விமானத்துக்கு 'வண்டு' என்று பெயர். இரவிரவாக ரீங்காரமிடும், அது போனபிறகு என்ன வரும் என்று எல்லோரும் காத்திருப்போம். சரக்கு விமானத்தில் இருந்து குண்டு உருட்டிவிட்ட காலத்தின் 'சகடை'யைப் பற்றி மூத்தவர்கள் சொல்வார்கள். 1996 இல் இலங்கை விமானப்படை இஸ்ரேலிடம் இருந்து கிபிர் வாங்கியது. 2000 இல் உக்ரேனில் இருந்து மிக்-27 வந்தது. எங்கள் வாயில் இரண்டும் கிபிர்தான். அமெரிக்க இயந்திரம் பூட்டிய மிராஜின் வழித்தோன்றல் ஒன்று, சோவியத் ஒன்றியத்தின் மடக்குச் சிறகு விமானம் ஒன்று என்ற வேறுபாடு பங்கருக்குள் ஓடுபவருக்கு எதற்கு? ஹீப்ரு மொழியில் கிபிர் என்றால் சிங்கக்குட்டி என்பதை நான் அறிந்தது முப்பது வயதை நெருங்கும்போது.

இனி வாங்குவதற்கு வருவோம். டைகாஸ்ட் என்பது நாகக் கலப்புலோகத்தை உருக்கி அச்சில் வார்த்துச் செய்வது. ஒட்டவோ பூசவோ தேவையில்லை; பெட்டியைத் திறந்து வைத்தால் சரி. கையில் எடுத்தால் பாரம் தெரியும். பிளாஸ்டிக் மொடல் உதிரிகளாக வரும், நாமே ஒட்டி வர்ணம் பூசவேண்டும். டைகாஸ்ட் போர் விமானங்களில் ஹொபி மாஸ்டர், கோர்கி போன்ற நிறுவனங்கள் பெரும்பாலும் 1:72 இல் வெளியிடுகின்றன. 1:48 இலும் வந்திருக்கின்றன, ஆனால் வகை குறைவு. 1:200 பயணிகள் விமானங்களுக்கும் பெரிய இராணுவச் சரக்கு விமானங்களுக்கும் பொருந்தும். 1:144 இல் கிடைப்பவற்றில் பெரும்பகுதி பிளாஸ்டிக்.

எனக்கு முதலில் ஆசை வந்தது 1:48 மேல். பெரிதாக இருந்தால்தானே நுணுக்கம் தெரியும் என்று நினைத்தேன். வெளிநாட்டில் இருக்கும் மச்சான் ஒரு கிபிர் பிளாஸ்டிக் மொடலை அனுப்பினார். மூன்று கிழமை இருந்து ஒட்டினேன். நீளம் 32 சென்ரிமீற்றருக்கு மேல். விமானி அறைக்குள் இருக்கை, கருவிப்பலகை, தலைக்கவசம் போட்ட விமானி. அந்த அளவில் ஆள் மூன்றரைச் சென்ரிமீற்றர் உயரம், முகம் தெரியும். மூக்கும் வாயும் வரையலாம். வரைவதற்குத் தூரிகையை எடுத்தபிறகுதான் கை நின்றது. நாங்கள் ஒருபோதும் விமானியைக் கண்டதில்லை. அவரும் எங்களைக் கண்டிருக்கமாட்டார். இல்லாத ஒரு நெருக்கத்தை அந்த அளவு என் மேசையில் கொண்டுவந்து வைத்தது. அதை முடிக்காமலேயே வவுனியாவில் ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டேன். நுணுக்கத்தை விரும்புகிறவருக்கு 1:48 நல்ல அளவு. நான் அதைக் குறைசொல்லவில்லை. எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஹசேகாவாவின் 1:72 கிபிரை வாங்கினேன். உண்மையான கிபிர் சி2 இன் நீளம் 15.65 மீற்றர், சிறகின் அகலம் 8.22 மீற்றர். மொடலில் நீளம் 21.7 சென்ரிமீற்றர், சிறகு 11.4. ஒட்டி முடித்து மேசையில் வைத்தபோது அம்மா வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, "உண்மையான கிபிர் எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார். சொன்னேன். மீற்றர் கணக்கு அம்மாவுக்குப் பிடிபடவில்லை. வளவு மூலையில் நிற்கும் பனையைக் காட்டி, "அதைவிடக் கட்டை" என்றேன். நன்றாக வளர்ந்த பனை இருபது மீற்றருக்கும் மேலே போகும். அம்மா நம்பவில்லை. "சும்மா விசர்க்கதை கதையாதை. வானமே இடிஞ்சு விழுந்தமாதிரி வந்தது, பனையிலும் கட்டையாம்."

அம்மாவின் மனதில் இருந்த கிபிரின் அளவை அதன் சத்தம்தான் தீர்மானித்திருந்தது. எனக்கும் அப்படித்தான். வேகமாக வரும் ஜெட் விமானத்தின் சத்தம் அதற்குப் பின்னால்தான் எங்களிடம் வந்துசேரும். 1,500 மீற்றர் உயரத்தில் பறந்தால் சத்தம் கீழே வர நான்கு விநாடிக்கு மேல் எடுக்கும். அதற்குள் விமானம் ஒரு கிலோமீற்றர் போய்விடும். சத்தம் வரும் திசையில் அண்ணாந்து பார்த்தால் வெறும் வானம்தான் இருக்கும். கண்ணுக்கு அகப்படாத ஒன்றைக் காதால் அளந்தால் அது வானமளவு பெரிதாகத்தானே இருக்கும்?

இதனால்தான் இளையவர்களுக்கு நான் சொல்லும் முதல் விதி: எந்த அளவைத் தெரிந்தாலும் எல்லாவற்றையும் அந்த ஒரே அளவிலேயே சேருங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஒன்றை 1:100 இலும் இன்னொன்றை 1:48 இலும் வாங்கி அருகருகே வைத்தால், அது பொம்மைக் கடை அலமாரி. ஒரே அளவில் வைத்தால்தான் விமானங்கள் ஒன்றைப்பற்றி ஒன்று உண்மை சொல்லும். என் அலமாரி எனக்குச் சொன்னதைக் கேளுங்கள். கிபிரின் சிறகு 8.22 மீற்றர். சியாமாசெட்டியின் சிறகு 8.35. விமானப்படை பயன்படுத்திய 'வண்டு'களில் ஒன்றான சேர்ச்சர் 2 இன் சிறகு ஏறக்குறைய எட்டரை மீற்றர். எங்களை வெவ்வேறு விதமாக நடுங்கவைத்த மூன்றுக்கும் சிறகு விரிப்பு கிட்டத்தட்ட ஒன்றே; மொடலில் அரைச் சென்ரிமீற்றர் வித்தியாசம். புலிகள் 2007 மார்ச் 26 இல் கட்டுநாயக்கா மீது குண்டுபோடக் கொண்டுபோன சிலின்-143 இன் சிறகு 10.14 மீற்றர். நான்கு பேர் இருந்து பறக்கும் அந்த இலகு விமானம் சிறகளவில் கிபிரைவிட அகலமானது. இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

1:72 ஐ நான் தெரிந்தெடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அளவுத்திட்டம் என்பது உண்மையில் தூரம். 1:72 மொடலை ஒரு மீற்றர் தள்ளி நின்று பார்த்தால், உண்மை விமானத்தை 72 மீற்றரில் நின்று பார்ப்பதற்குச் சமம். அறையின் மறுகோடியில், மூன்று மீற்றரில் வைத்தால் 216 மீற்றர். 1:144 ஆக இருந்தால் அதே மூன்று மீற்றர் 432 மீற்றராகும். கிபிரை ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்தில் கண்டது போலக் காணவேண்டுமானால் 1:72 மொடலில் இருந்து ஏறத்தாழ 21 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். ஒருநாள் பின்னேரம் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு வாசற்படியில் வந்து இருந்து பார்த்தேன். முழுநிலவை விடச் சற்றுப் பெரிய ஒரு கீறல். அது சரியான அளவு என்று உடம்பு சொன்னது. வயிற்றுக்குள் பழைய குளிர் ஒன்று ஓடியது. அதன்பிறகு அப்படி வைத்துப் பார்க்கவில்லை.

அதே அளவில் நிலத்தையும் செய்துபார்க்கலாம். நாங்கள் வெட்டிய 'எல்' வடிவப் பங்கரின் நீண்ட கை மூன்று மீற்றர் என்றால் 1:72 இல் நான்கு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல், தீப்பெட்டியிலும் சிறிது. 500 இறாத்தல் நிறையுள்ள மார்க் 82 வகைக் குண்டு மூன்று சென்ரிமீற்றர். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விளக்கம் தேவையில்லை. 2006 ஓகஸ்ட் 14 இல் வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தின் மீது நடந்த விமானத் தாக்குதலில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் உயர்தர மாணவிகள். அவர்கள் என் வயதை ஒட்டியவர்கள். அந்த வளாகத்தை மொடலாகச் செய்யும்படி ஒருவர் யோசனை சொன்னார். எந்த அளவிலும் நான் அதைச் செய்யமாட்டேன்.

சந்தையில் என்ன கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். இலங்கை விமானப்படையின் அடையாளத்துடன் ஒரு டைகாஸ்ட் போர் விமானம்கூட என் கைக்கு வந்ததில்லை. ஆனால் உடன்பிறப்புகள் கிடைக்கும். மிக்-27 இன் அண்ணன் மிக்-23, சீன எப்-7 இன் மூலமான மிக்-21, கிபிரின் மூதாதை மிராஜ் ஆகியவை 1:72 டைகாஸ்டில் வந்திருக்கின்றன. எம்.ஐ.24 தாராளம். மிச்சத்தைப் பிளாஸ்டிக்கில் ஒட்டவேண்டும், அதுவும் இல்லையென்றால் செதுக்கவேண்டும். என் சியாமாசெட்டி முருக்கு மரத்தில் செதுக்கியது. டைகாஸ்ட், பிளாஸ்டிக், மரம் மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்தத் தோதான அளவு 1:72 என்பது என் அனுபவம். விலை சிறிதல்ல. நல்ல நிறுவனத்தின் புதிய டைகாஸ்ட் ஒன்று 100 டொலரை ஒட்டி நிற்கிறது. டொலர் 300 ரூபாய் விற்கும் நாட்டில் அது யாருக்கும் விளையாட்டுக் காசில்லை. வருடத்துக்கு ஒன்று போதும்.

வன்னிக்கே உரிய தொல்லைகள் சில. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பெட்டியைப் பத்திரப்படுத்தச் சொல்வார்கள், பெட்டி இருந்தால்தான் மறுவிற்பனையில் விலை. எங்கள் ஊரில் பெட்டியைக் கறையான் தின்றுவிடும். நான் இரண்டை இழந்தேன். இப்போது மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் வைக்கிறேன். தகரக் கூரைக்குக் கீழே பங்குனி, சித்திரை வெக்கையில் மெல்லிய பிளாஸ்டிக் சில்லுக்கால்கள் வளையும். சில்லை மடித்து, தாங்கியில் பறக்கும் நிலையில் வையுங்கள். கிரவல் றோட்டுப் புழுதிக்குக் கண்ணாடிக் கதவு வேண்டும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், மெல்லிய தூரிகையால் தட்டுங்கள்.

எதை அலமாரியில் வைக்கலாம் என்பது மட்டும் அளவுத்திட்டத்தால் தீர்வதில்லை. கிபிர் வைத்திருப்பதை யாரும் விசாரிக்கப்போவதில்லை. சிலின்-143 சாதாரண செக் நாட்டுப் பயிற்சி விமானம். ஆனால் கிளிநொச்சியில் ஒரு வீட்டில் அது நின்றால் பார்ப்பவர்கள் அதைச் சாதாரணமாகப் பார்ப்பார்களா? நான் அதைச் செய்யவில்லை. கடதாசியில் 14.1 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு கீறி, கிபிருக்குக் கீழே தட்டில் ஒட்டியிருக்கிறேன். கோட்டுக்கு யாரும் பெயர் கேட்பதில்லை.

இப்போது யோசனை சகடை பற்றியது. வை-8 இன் சிறகு 38 மீற்றர். 1:72 இல் கிட்டத்தட்ட 53 சென்ரிமீற்றர், அலமாரிக் கதவு பூட்டாது. 1:200 இல் 19 சென்ரிமீற்றராக அழகாக அடங்கும், ஆனால் கிபிருக்குப் பக்கத்தில் வைத்தால் பொய்யாகிவிடும். அம்மா அலமாரியின் மேல்தட்டைக் காட்டினார். அங்கே இருக்கும் சாமிப்படங்களை எங்கே மாற்றுவது என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லை.