இணையத்தின் 'சாவி' யாரிடம் இருக்கிறது?

2024 செப்டம்பர் முதல் வாரம். மலேசியாவில் இணையம் பயன்படுத்துவோர் சிலர் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார்கள். கூகளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்ற சேவையைத் தங்கள் கணினியில் அமைத்து வைத்திருந்தவர்கள் அவர்கள். கேள்வி அனுப்பியது கூகளுக்கு. பதில் சொன்னதோ உள்ளூர் இணையச் சேவை நிறுவனம்!

காரணம் சீக்கிரமே தெரிந்தது. 'டிஎன்எஸ்' எனும் முகவரிக் கேள்விகள் எல்லாவற்றையும் உள்ளூர் சர்வர்களுக்கே திருப்பிவிட வேண்டும் என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருந்தது. கெடு, செப்டம்பர் 30. சில நிறுவனங்கள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன.

எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. செப்டம்பர் 8ஆம் தேதி, திட்டத்தைத் தொடர வேண்டாம் என்று ஆணையத்திடம் சொல்லிவிட்டதாகத் தொடர்பு அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அறிவித்தார்.

திட்டம் கைவிடப்பட்டாலும் அது எழுப்பிய கேள்வி இன்னமும் முக்கியம்தான். நாம் தேடும் இணையத்தளம் நமக்குக் கிடைக்குமா, கிடைக்காதா என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? ஐக்கிய நாட்டு நிறுவனமா? அமெரிக்காவா? நம்ம அரசாங்கமா? இல்லை, பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களா?

ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. ஆனால் மூன்று பூட்டுகளாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் எளிதாகப் புரியும்.

முதலில், டிஎன்எஸ் என்றால் என்ன?

கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது எண்களை வைத்து. மனிதர்களுக்கோ பெயர்தான் நினைவில் நிற்கும். கைத்தொலைபேசியில் 'அம்மா' என்று தொட்டால் எண் தானாகப் போகிறது இல்லையா? டிஎன்எஸ் அதைத்தான் செய்கிறது. பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும். அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தொடர்புப் பட்டியலை வேறொருவர் வைத்திருந்தால்? 'அம்மா' என்று தொட்டதும் அவர் விரும்பும் எண்ணுக்கு அழைப்பைத் திருப்பலாம். 'அப்படி ஓர் எண்ணே இல்லை' என்றும் சொல்லலாம். அதனால்தான் டிஎன்எஸ் பலருடைய கண்ணை உறுத்துகிறது.

முதல் பூட்டு: உலகப் பெயர்ப் பட்டியல்

எல்லாப் பெயர்களுக்கும் மேலே ஒரு மூலப் பட்டியல் உண்டு. 'டாட் காம்' யார் பொறுப்பு, 'டாட் எம்ஒய்' யார் பொறுப்பு, 'டாட் எஸ்ஜி' யார் பொறுப்பு என்று அது சொல்லும்.

தொடக்கத்தில் இந்தப் பட்டியலைப் பெரும்பாலும் ஒரே மனிதர்தான் கவனித்துக்கொண்டார். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த ஜான் போஸ்டல். மலேசியாவுக்கு 1987இலும் சிங்கப்பூருக்கு 1988இலும் இணையப் பெயர் வழங்கப்பட்டது அவருடைய காலத்தில்தான்.

1998 ஜனவரியில் போஸ்டல் ஒரு காரியம் செய்தார். அப்போது பட்டியலின் பிரதிகளை வைத்திருந்த 12 மூல சர்வர் நிர்வாகிகளில் 8 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். இனி வழக்கமான மூல சர்வரைப் பார்க்காமல் தம்முடைய சர்வரைப் பார்க்கச் சொன்னார். அவர்களும் அப்படியே செய்தார்கள்! பயனீட்டாளர்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. ஆனால் வாஷிங்டன் ஆடிப்போனது. கொஞ்ச நாளில் எல்லாம் பழையபடி மாற்றப்பட்டது.

அதே ஆண்டில் 'ஐகேன்' அமைக்கப்பட்டது. அது கலிஃபோர்னியாவில் பதிவான, லாப நோக்கமற்ற அமைப்பு. மூலப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் வேலை அதற்குக் கொடுக்கப்பட்டது. ஆனால் அமெரிக்க வர்த்தக அமைச்சுடன் போட்ட ஒப்பந்தத்தின் பேரில். அதாவது, கடைசிக் கையெழுத்து அமெரிக்காவிடமே இருந்தது.

அந்த ஏற்பாடு 2016 அக்டோபர் 1ஆம் தேதி முடிவுக்கு வந்தது. 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க உளவு வேலைகளை அம்பலப்படுத்திய பிறகு, 'ஒரு நாட்டின் கையில் ஏன் இருக்க வேண்டும்' என்ற குரல் வலுத்திருந்தது. ஒப்பந்தம் முடிவதைத் தடுக்க 4 அமெரிக்க மாநிலங்கள் நீதிமன்றம் போயின. நீதிபதி மறுத்துவிட்டார்.

'7 பேர் கையில் இணையத்தின் சாவி' என்பது உண்மையா?

சமூக ஊடகத்தில் அடிக்கடி சுற்றும் கதை இது. பாதி உண்மை.

மூலப் பட்டியல் வழியில் திருத்தப்படவில்லை என்று சரிபார்க்க மின்னியல் முத்திரை ஒன்று உண்டு. 2010இலிருந்து அதற்கான சடங்கு அமெரிக்காவின் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள இரண்டு பாதுகாப்பான நிலையங்களில் நடந்து வருகிறது. பல நாடுகளைச் சேர்ந்த நம்பிக்கையாளர்கள் சாட்சிகளாகவும் சாவி வைத்திருப்பவர்களாகவும் கலந்துகொள்கிறார்கள்.

ஆனால் அந்தச் சாவிகளால் இணையத்தை நிறுத்த முடியாது. பட்டியலுக்கு முத்திரை குத்தத்தான் அவை உதவும். பட்டியலின் பிரதிகளோ உலகம் முழுக்க இருக்கின்றன. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும்கூட இருக்கின்றன.

ஐக்கிய நாட்டு நிறுவனத்திடம் ஏன் கொடுக்கவில்லை?

இதில் மூன்று விதமான கருத்துகள் இருக்கின்றன.

• அரசாங்கங்கள் முடிவு செய்யட்டும்: சீனா, ரஷ்யா போன்ற நாடுகள் இந்தப் பக்கம். தொலைபேசிக்கும் விமானத்துக்கும் நாடுகள் கூடி விதி வகுக்கும்போது இணையத்துக்கு மட்டும் ஏன் கூடாது என்பது வாதம். வளரும் நாடுகள் பலவும் இதை ஆதரித்திருக்கின்றன. கலிஃபோர்னியச் சட்டத்துக்கு உட்பட்ட ஓர் அமைப்பை எப்படி முழுமையாக நம்புவது என்று அவை கேட்கின்றன. நியாயமான கேள்விதான்.

• எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்: பொறியாளர்கள், நிறுவனங்கள், சமூக அமைப்புகள், அரசாங்கங்கள் எல்லாருக்கும் மேசையில் இடம். ஐகேன் இயங்குவது இப்படித்தான். அரசாங்கங்கள் இதில் ஆலோசனை சொல்லலாம், உத்தரவு போட முடியாது. குறை என்னவென்றால், அடிக்கடி வெளிநாட்டுக் கூட்டங்களுக்குப் போக வசதியுள்ளவர்களின் குரலே ஓங்கி ஒலிக்கும்.

• யாரும் கட்டுப்படுத்தக் கூடாது: கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டியல் ஒன்று இருக்கும்வரை அதை யாராவது பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

2012இல் துபாயில் நடந்த அனைத்துலகத் தொலைத்தொடர்பு மாநாட்டில் இந்தப் பிளவு வெளிப்படையாகத் தெரிந்தது. புதிய உடன்பாட்டில் அங்கே 89 நாடுகள் கையெழுத்திட்டன. அமெரிக்காவும் பிரிட்டனும் உட்பட 55 நாடுகள் கையெழுத்திடவில்லை.

நம்ம வட்டாரத்துக்கும் இந்தக் கதையில் பங்கு இருக்கிறது. புதிய இணையப் பெயர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட ஐகேன் முடிவு 2011 ஜூன் மாதம் சிங்கப்பூரில்தான் எடுக்கப்பட்டது. 2022இல் கோலாலம்பூரிலும் அதன் கூட்டம் நடந்தது. மூலப் பட்டியலில் தமிழும் இருக்கிறது தெரியுமா? '.சிங்கப்பூர்', '.இலங்கை', '.இந்தியா' மூன்றும் தமிழ் எழுத்திலேயே பதிவாகியிருக்கின்றன.

2022: மூன்று பூட்டுகளும் ஒரே நேரத்தில்

ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்த சில நாள்களில், ரஷ்யாவின் 'டாட் ஆர்யு' பெயரை நீக்கும்படி ஐகேனை உக்ரேன் கேட்டுக்கொண்டது. ஐகேன் மறுத்துவிட்டது. இணையம் இயங்குவதை உறுதிசெய்வதே தன் வேலை, தண்டனை கொடுப்பது அல்ல என்பது அதன் நிலைப்பாடு.

அதே மார்ச் மாதத்தில் ரஷ்ய அரசாங்கம் ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டகிராமையும் தன் நாட்டுக்குள் தடை செய்தது. ஆப்பிள் ரஷ்யாவில் பொருள் விற்பதை நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் புதிய விற்பனையை நிறுத்தியது.

கவனித்தீர்களா? உலகம் அதிகம் பயந்த முதல் பூட்டு அசையவே இல்லை. ரஷ்யாவில் இருந்த சாதாரண மக்களைத் தொட்டவை மற்ற இரண்டும்தான்.

இரண்டாம் பூட்டு: நாட்டுக்குள் இருக்கும் குழாய்

இணையம் நம் வீட்டுக்கு வருவது உரிமம் பெற்ற ஒரு சில நிறுவனங்கள் வழியாக. உரிமம் கொடுப்பது அரசாங்கம். ஆகவே தடுக்க நினைக்கும் அரசாங்கத்துக்கு ஐகேன் தேவையில்லை. உள்ளூர் நிறுவனங்களுக்கு ஒரு கடிதம் போதும்.

2011 ஜனவரியில் எகிப்து அப்படித்தான் செய்தது. போராட்டங்களுக்கு நடுவே நாட்டின் இணையம் கிட்டத்தட்ட முழுவதுமாகத் துண்டிக்கப்பட்டது. சில நேரம் உள்ளூர்த் தடை எல்லை தாண்டியும் போகும். 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் யூடியூப்பை உள்நாட்டில் தடுக்கப் போய், தவறான வழித்தகவல் வெளியே கசிந்தது. சுமார் 2 மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூப் கிடைக்கவில்லை.

மலேசிய ஆணையம் சொன்ன காரணம் வேறு. 2018லிருந்து 2024 ஆகஸ்ட் 1 வரை 24,277 இணையத்தளங்கள் முடக்கப்பட்டதாக அது கூறியது. அவற்றில் அதிகமானவை சூதாட்டம், ஆபாசம் தொடர்பானவை. வெளிநாட்டு டிஎன்எஸ் சேவையைப் பயன்படுத்தினால் அந்தத் தடையைத் தாண்டிவிடலாம். அந்த ஓட்டையை அடைக்கவே உத்தரவு என்பது விளக்கம்.

இணையச் சூதாட்டத்தால் குடும்பங்கள் சீரழிவதை நேரில் பார்த்தவர்கள் இதை அலட்சியமாக ஒதுக்க மாட்டார்கள். அப்படியானால் எதிர்ப்பு ஏன்?

• முடக்கப்படும் தளங்களின் முழுப் பட்டியலை மக்களால் பார்க்க முடியவில்லை. இன்று சூதாட்டத் தளம், நாளை ஒரு செய்தித் தளம் என்றால் யாருக்குத் தெரியும்?

• ஒருவர் தானாகத் தேர்ந்தெடுத்த சேவையின் பெயரில் வேறொருவர் பதில் சொல்வது, கடித உறையைப் பிரித்து மாற்றி ஒட்டுவதைப் போன்றது. திருத்தப்பட்டதைக் கண்டறியும் பாதுகாப்பு முறைகளும் இதனால் குழம்பலாம்.

• உத்தரவு வர்த்தகங்களையும் தொட்டது. வேகத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் பொது டிஎன்எஸ் சேவையை நம்பியிருக்கும் நிறுவனங்கள் கவலைப்பட்டன.

சிங்கப்பூரிலும் தடைப் பட்டியல் புதிதல்ல. 1990களிலிருந்தே, சமூகத்தின் விழுமியத்தைக் காட்டும் அடையாளமாக, பெரும்பாலும் ஆபாசத் தளங்கள் அடங்கிய சுமார் 100 தளங்களைச் சேவை நிறுவனங்கள் தடுத்துவருகின்றன. உரிமமில்லாத சூதாட்டத் தளங்களுக்கும் தனிச் சட்டத்தின்கீழ் தடை உண்டு. தடை இருப்பதைவிட, அது எவ்வளவு தூரம் போகிறது, யார் கேள்வி கேட்கலாம் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

மூன்றாம் பூட்டு: நிறுவனங்களின் மென்பொருள்

சரி, அரசாங்கத்தை நம்பாமல் 8.8.8.8க்கு மாறிவிட்டால் சுதந்திரமா? கொஞ்சம் பொறுங்கள். அப்போது நம் முகவரிக் கேள்விகள் எல்லாம் அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்குப் போகின்றன. நம்பிக்கையை இடம் மாற்றியிருக்கிறோம். நம்பாமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பூட்டுக்கு அரசியல்கூடத் தேவையில்லை. 2021 அக்டோபர் 4ஆம் தேதி இரவு, நமது நேரப்படி 11.40 மணி வாக்கில், ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஒன்றாகப் படுத்துவிட்டன. பராமரிப்பு வேலையில் நேர்ந்த ஒரு தவறு, அந்த நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழியையே இணையத்திலிருந்து அழித்துவிட்டது. சரிசெய்ய சுமார் 6 மணி நேரம் ஆனது.

அரசியலும் சேர்ந்தால்? 2019 மே மாதம் அமெரிக்கா வாவே நிறுவனத்தை வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு வந்த வாவேயின் புதிய திறன்பேசிகளில் கூகளின் செயலிக் கடை இல்லை, ஜிமெயில் இல்லை, யூடியூப் செயலி இல்லை. முடிவு எடுக்கப்பட்டது வாஷிங்டனில். யோசிக்க வேண்டியிருந்ததோ இங்கே கடையில் நின்று ஃபோன் வாங்கியவர்கள்.

மலேசியா 2025 ஜனவரி 1லிருந்து, நாட்டில் 80 லட்சம் அல்லது அதற்கும் மேற்பட்ட பயனீட்டாளர்களைக் கொண்ட சமூக ஊடகங்களும் தகவல் பரிமாற்றச் செயலிகளும் உரிமம் பெற வேண்டும் என்று விதித்ததை இந்தப் பின்னணியில் பார்க்கலாம். இரண்டாம் பூட்டை வைத்திருப்பவர், மூன்றாம் பூட்டை வைத்திருப்பவரிடம் பொறுப்புக் கேட்கிறார். மோசடி, இணையப் பகடிவதை போன்றவற்றைத் தடுக்க அது தேவை என்கிறது அரசாங்கம். விமர்சனக் குரல்களை அடக்கவும் அது பயன்படலாம் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள்.

அடுத்த முறை செய்தி வரும்போது என்ன கேட்கலாம்?

'இணையத்தைக் கட்டுப்படுத்தப் போகிறார்கள்' என்று தலைப்பைப் பார்த்ததும் பதறவும் வேண்டாம், 'நமக்கென்ன' என்று கடந்துபோகவும் வேண்டாம். நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள்:

1. எந்தப் பூட்டைப் பற்றிய செய்தி இது? உலகப் பெயர்ப் பட்டியலா, உள்ளூர்க் குழாயா, நிறுவனத்தின் மென்பொருளா?

2. தடைப் பட்டியலை யார் தயாரிக்கிறார்கள்? அதை நாம் பார்க்க முடியுமா?

3. தவறாகத் தடுக்கப்பட்டவர் எங்கே முறையிடலாம்?

4. தடை வந்தால் நமக்குத் தெரிவிக்கப்படுமா, இல்லை தளம் வெறுமனே திறக்காமல் போகுமா?

நான்காவது கேள்வி சின்னதாகத் தோன்றலாம். ஆனால் கதவில் 'உள்ளே வர அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தால் ஏன் என்று கேட்கலாம். கதவே இல்லாததுபோல் சுவர் எழுப்பிவிட்டால் கேட்கவும் தோன்றாது.

மலேசியாவில் அந்த உத்தரவு நிறுத்தப்பட்டதற்கு ஐகேனோ ஐக்கிய நாட்டு நிறுவனமோ காரணமில்லை. பதில் எங்கிருந்து வருகிறது என்று சிலர் சோதித்துப் பார்த்தார்கள். கண்டதை மற்றவர்களுக்குப் புரியும்படி சொன்னார்கள். பிறகுதான் அமைச்சர் பதில் சொல்ல வேண்டி வந்தது.