தாய்ப்பலகை தந்த பாடம்

சங்கரன்கோவிலில் ஒரு மாணவர் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி, வீட்டிலேயே ஒரு கணிப்பொறியை அமைக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலைப்பட்டியலில் மதர்போர்டு என்ற தலைப்பின் கீழ்ப் பல பெயர்கள். ஒன்றின் விலையைப்போல் மற்றொன்று இருமடங்கு. சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கி வந்து, அது பழுதானால், பொதிகை ரயிலில் மீண்டும் ஓர் இரவுப் பயணம்! ஆகவே அவருக்கு வேகத்தைவிட முக்கியமானது, பலகை பல ஆண்டுகள் தடுமாறாமல் உழைப்பதே. அந்த உறுதியை எப்படிக் கண்டறிவது? மதர்போர்டின் வரலாறே இதற்கு விடை கூறுகிறது.

பல அட்டைகள் ஒன்றாயின

1975-இல் வெளிவந்த ஆல்டேர் 8800 கணிப்பொறியில் பிராசசர் ஓர் அட்டையிலும் நினைவகம் வேறோர் அட்டையிலும் இருந்தன. 1977-இல் வந்த ஆப்பிள் 2 முக்கியப் பகுதிகளை ஒரே பலகையில் கொண்டிருந்தது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தனது பி.சி.யை ஐந்து செருகுவாய்கள் கொண்ட பலகையுடன் வெளியிட்டது. அதனைப் பின்பற்றிப் பிற நிறுவனங்களும் பலகைகள் செய்தன. 1995-இல் இண்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையை வகுத்தது. எந்த நிறுவனத்தின் பலகையும் எந்தப் பெட்டியிலும் பொருந்த வழி பிறந்தது. நம் மாணவர் இன்று வீட்டில் கணிப்பொறி அமைக்க முடிவது இதனால்தான்.

வோல்ட் குறைந்தது, ஆம்பியர் கூடியது

தொடக்ககாலப் பிராசசர்கள் 5 வோல்ட்டில் இயங்கின. டிரான்சிஸ்டர்கள் சிறுக்கச் சிறுக்க மின்னழுத்தமும் குறைந்தது. இன்று அது ஏறத்தாழ 1 வோல்ட் அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் ஒரு பிராசசர் 1 வோல்ட்டில் 100 வாட் திறனைச் செலவிட்டால், அதற்கு 100 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். நம் வீட்டு 750 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் எடுத்துக்கொள்வதோ 3 ஆம்பியருக்குச் சற்று அதிகம்தான்!

மின்வழங்கி தரும் 12 வோல்ட்டைக் குறைத்துப் பிராசசருக்கு ஊட்டும் சுற்று மதர்போர்டின் மீதே உள்ளது. அதில் வரும் ஏற்ற இறக்கங்களைச் சமன் செய்பவை மின்தேக்கிகள். கடைக்காரர்கள் கெப்பாசிட்டர் என்பார்களே, அவைதாம். மோட்டார் நின்று நின்று ஓடினாலும் மேல்நிலைத் தொட்டி குழாயில் சீராகத் தண்ணீர் தருவதைப்போன்றது இவற்றின் பணி. மின்தேக்கி தளர்ந்தால் மின்னழுத்தம் தள்ளாடும். கணிப்பொறி காரணமின்றி உறைந்து நிற்கும். தானே அணைந்து மீளும்.

வீங்கிய மின்தேக்கிகள்

2002-ஆம் ஆண்டு வாக்கில் உலகின் பல பகுதிகளில் மதர்போர்டுகள் இவ்வாறே செயலிழந்தன. திறந்து பார்த்தபோது மின்தேக்கிகளின் தலை வீங்கியிருந்தது. சிலவற்றில் பழுப்பு நிறக் கசிவும் காணப்பட்டது.

காரணம் என்ன? இவ்வகை மின்தேக்கியில் அலுமினியத் தகடுகளுக்கிடையே மின்பகு திரவத்தில் தோய்ந்த காகிதம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். திரவத்தில் நீர் மிகுந்தால் மின்தடை குறையும், அது நல்லதே. ஆனால் நீர் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜனை வெளியிடும். இதைத் தடுக்கச் சில வேதிப்பொருள்களைச் சரியான அளவில் சேர்க்க வேண்டும். அவை குறைபட்ட மின்தேக்கிகளே வீங்கி வெடித்தன. ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் திரவக் குறிப்பு அரைகுறையாகக் களவு போனதே காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன, அது மெய்ப்பிக்கப்படவில்லை. 2005-இல் டெல் நிறுவனம் பழுதான கணிப்பொறிகளைச் சரிசெய்ய 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. மிகச் சிறிய, மிக மலிவான உறுப்பு செய்த வேலை இது!

இதன் பின்னர், திரவமே இல்லாத திண்மப் பாலிமர் மின்தேக்கிகள் மதர்போர்டுகளில் பரவின. இவற்றில் கசிவு என்பதற்கே இடமில்லை.

வெப்பமும் ஒரு பகை. திரவ மின்தேக்கியின் வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும். 105 டிகிரி செல்சியசில் 2,000 மணி நேரம் உழைப்பது, 85 டிகிரியில் 8,000 மணி நேரமும் 65 டிகிரியில் 32,000 மணி நேரமும் உழைக்கும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்று கொண்டால், முன்னதற்கு மூன்றாண்டுகூட இல்லை. பின்னதற்குப் பதினோர் ஆண்டுகள்!

மேலும் இரு பாடங்கள்

2011 ஜனவரியில், புதிதாக வந்த இண்டெல் சிப்செட் ஒன்றில் ஒரு டிரான்சிஸ்டர் வடிவமைப்புப் பிழையால் வட்டு இணைப்புகள் சில நாளடைவில் தளரக்கூடும் என்று தெரியவந்தது. பழுதுபார்க்கவும் மாற்றித்தரவும் 70 கோடி டாலர் செலவாகும் என்று நிறுவனம் மதிப்பிட்டது. 2024-இல் இண்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிப் பிராசசர்கள் சில, தேவைக்கு மீறிய மின்னழுத்தம் பெற்றுத் தளர்ந்தன. திருத்தம் மதர்போர்டின் பயாஸ் வழியாகவே வந்தது. ஆனால் முன்பே கெட்டவற்றை அதனால் மீட்க இயலவில்லை.

நம் மாணவர் செய்ய வேண்டுவது

இனி விலைப்பட்டியலைப் பார்ப்போம். புதிதாக வந்த வகையைச் சில மாதம் பொறுத்து வாங்கலாம். மின்தேக்கிகள் திண்ம வகைதானா, பிராசசரைச் சுற்றியுள்ள மின்சுற்றின் மேல் வெப்பம் கடத்தும் உலோகத் தகடு உண்டா என்று நோக்க வேண்டும். தாம் வாங்கும் பிராசசர், தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் இருக்கிறதா, பயாஸ் திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். உத்தரவாதத்தை அருகிலுள்ள ஊரிலேயே பெற முடியுமா என்பதையும் கேட்டறிதல் நலம். நல்ல மின்வழங்கியும், வீட்டில் சரியான எர்த் இணைப்பும், பெட்டிக்குள் காற்றோட்டமும் இல்லையேல் எந்தப் பலகையும் நிலைக்காது.

பலகையில் மின்னும் வண்ண விளக்குகள் இப்பட்டியலில் இடம்பெறவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அவற்றுக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல மின்வழங்கிக்குக் கொடுத்தால், கணிப்பொறி நெடுநாள் உழைக்கும்.