லயத்துக் காம்பராவில் தீபாவளி எண்ணெய்ச் சட்டி

அகலம் 10 அடி, நீளம் 12 அடி. பிரித்தானியர் காலத்துத் தோட்ட லயங்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த காம்பரா ஏறக்குறைய இவ்வளவுதான். படுக்கை, சமையல், பிள்ளைப்பேறு எல்லாம் அதற்குள்ளேதான். மிஞ்சினால் முன்னாலிருந்த இஸ்தோப்பு. தீபாவளி வந்தால் அதே இடத்தில் எண்ணெய்ச் சட்டியும் ஏறும். பதுளை, பசறை, அப்புத்தளை, மடுல்சீமைத் தோட்ட மக்களின் வரலாற்றை அந்தச் சட்டியை வைத்தே சொல்லிவிடலாம்.

திருச்சி, தஞ்சாவூர், சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணிமாரோடு வந்தவர்களில் பலர் கோப்பிக் காலத்தில் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. பின்னால் வந்த தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையின் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கியபோது, லயங்கள் நிரந்தரக் குடியிருப்புகளாக மாறிக்கொண்டிருந்தன. ஊரில் கொண்டாடிய தீபாவளியும் முறுக்கும் அதிரசமும் அவர்களோடு மலையிலேயே தங்கிவிட்டன.

பலகாரம் சுடக் காசு வேண்டும். தோட்டம் கொடுக்கும் தீபாவளி முற்பணத்தில்தான் புதுத்துணியும், அரிசியும், சீனியும், தேங்காய் எண்ணெயும் வீட்டுக்கு வரும். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் அது கழிபடும். 1973, 74 ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. ஒரு வேளை ரொட்டிக்கே மா கிடைக்காதவர்களுக்கு முறுக்குக்கு எங்கே கிடைக்கும்?

காசு கிடைத்தாலும் வானம் விடாது. இந்தத் தோட்டங்கள் இருக்கும் ஊவாவுக்குப் பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. தீபாவளி அதன் தொடக்கத்திலேயே வருகிறது. 2014இல் தீபாவளி முடிந்து ஒரே வாரத்தில், ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. இப்படிப்பட்ட மழையில் வாசலில் அடுப்பு மூட்ட முடியாது. கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாறு எரியும் அடுப்பும் கொதிக்கும் எண்ணெயும் பிள்ளைகளும் ஒரே காம்பராவுக்குள் முடங்கவேண்டியிருக்கும். வரிசையான காம்பராக்களுக்கு மேலே ஒரே கூரை. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் லயமே எரியும்.

ஆகவே சட்டிக்கு முன் உட்காரும் பெண்ணுக்குக் கவனம் சிதறக்கூடாது. மாவில் ஒரு கிள்ளு எடுத்து எண்ணெயில் போடுவாள். அடியில் கிடந்து மெல்ல எழும்பினால் இன்னும் காயவில்லை. சடசடவென்று உடனே மிதந்தால் முறுக்கு உரலை எடுக்கலாம். போட்டதுமே கருகினால் சூடு மிஞ்சிவிட்டது. விறகடுப்பைத் திருகி அணைக்க முடியாது. கொள்ளியை வெளியே இழுப்பதுதான் ஒரே வழி. அரிகரண்டியில் ஈரம் ஒட்டியிருக்கவும் கூடாது. தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். பலகார எண்ணெயோ 170, 180 பாகையில் நிற்கும். உள்ளே விழும் நீர் நொடியில் ஆவியாகிச் சுமார் 1,700 மடங்கு விரிந்து எண்ணெயை வெளியே வீசியடிக்கும்.

ஈரமும் கொதியெண்ணெயும் சேரும் இந்த ஆபத்து லயத்துக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் நன்றிகூறல் நாளன்று முழு வான்கோழியை எண்ணெயில் பொரிக்கும் வழக்கம் லூசியானாப் பக்கத்திலிருந்து பரவியது. பனிக்கட்டி உருகாத பறவையை இறக்கினால் எண்ணெய் பொங்கி வழிந்து அடுப்பில் பற்றிக்கொள்ளும். வீட்டில் இந்தப் பொரிப்பானே வேண்டாம் என்கிறது அந்நாட்டின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம். சுவரையும் மரத்தையும் விட்டு விலகி, திறந்தவெளியில் பொரிப்பவர்களுக்கே இவ்வளவு எச்சரிக்கை. லயத்தில் விலகி நிற்க இடமே இல்லை.

தோட்டப் பெண்களின் கைப்பக்குவம் எத்தனையோ விபத்துகளைத் தடுத்திருக்கிறது. ஆனால் அந்தப் பொறுப்பு முழுவதையும் அவர்கள் தலையில் கட்டியது லயத்தின் அமைப்பு. 7 பேர்ச்சஸ் காணியில் தனித்தனி வீடுகள் எழும் இடங்களில் சமையலறைக்கும் தனிச் சுவர் கிடைக்கிறது; இன்னும் ஏராளமானோர் லயங்களில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தனிவீடு கிடைக்கும்வரை, சட்டியை முழுதாக மூடும் தட்டமும் ஒரு வாளி உலர்ந்த மணலும் அடுப்பருகே இருக்கட்டும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றவே கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். முற்பணத்துக்காக வருடந்தோறும் பேச்சுவார்த்தைக்கு உட்காரும் தொழிற்சங்கங்கள், காம்பராவுக்கு வெளியே கூரைபோட்ட ஓர் அடுப்படியையும் அதே மேசையில் கேட்கவேண்டும்.