ஓதிக்கொடுத்த பெண்கள்

பாசிக்குடாவை அடுத்த ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பகுதிகளிலிருந்து வந்த நம் சகோதரிகள் பலர், பாடசாலையில் சேருமுன்பே குர்ஆன் ஓதப் பழகியவர்கள்.

இதயத்துக்கான அறபுச் சொல்லையும் நாய்க்கான சொல்லையும் தமிழில் ‘கல்ப்’ என்றே எழுதுவோம். அறபியில் முதலாவதற்கு அடிநா உள்நாக்கருகே எழ வேண்டும். மற்றதற்குச் சற்று முன்னே. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் கையாண்ட அறபுத்தமிழ் எழுத்தில் இவ்வேறுபாடு தெரியும், ஒலி கேட்காது. வாய்ப்பழக்கமே வழி என்றார், தஜ்வீத் விதிகளைச் செய்யுளாகத் தந்த திமிஷ்க் அறிஞர் இப்னுல் ஜஸரீ (1350–1429).

அந்தப் பழக்கத்தை நமக்குத் தந்தவர்களில், வீட்டிலிருந்தே ஓதிக்கொடுத்த பெண்களும் உண்டு. பாடசாலைச் சம்பவத்திரட்டில் அவர்களுக்கு இடமில்லை. உங்களுக்கு ஓதிக்கொடுத்தவரின் பெயரைச் சங்கத்துக்கு எழுதியனுப்புங்கள். அடுத்த மலரிலாவது அப்பெயர்கள் இடம்பெறட்டும்.