காசநோய்ப் பரவலும் மரபணுத்தொகை வரிசைப்படுத்தலும்

ஓரிடத்தில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் காசநோய், யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பதை, நோயாளிகளின் சளியிலிருந்து வளர்த்தெடுத்த கிருமிகளின் மரபணுத்தொகையைப் படித்து ஒப்பிட்டு அறியும் முறை. இக்கிருமி உடலில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து பின்னரே நோயாக வெளிப்படக்கூடும். ஆகவே நோயாளியின் நினைவை மட்டும் நம்பிய விசாரணை பாதியில் நின்றுவிடும்.

கிருமிகளை இனம்பிரிக்கும் முயற்சி இதற்கு முந்தியது. ஐஎஸ்6110 என்னும் இடம்பெயரும் மரபுத்துண்டு எத்தனை இடங்களில் அமைந்துள்ளது என்பதைக் கோடுகளாகக் காட்டும் முறைக்கு 1993இல் உலகப் பொதுவிதி வகுக்கப்பட்டது. தென்னிந்தியாவில் அது சறுக்கியது. இங்குள்ள கிருமிகள் பலவற்றில் அத்துண்டு ஒன்றே உண்டு. சிலவற்றில் அதுவும் இல்லை. ஒற்றைக் கோட்டைக் கொண்டு ஒரு நோயாளியின் கிருமியை இன்னொருவருடையதிலிருந்து பிரிக்க வழியில்லை. 43 இடைத்துண்டுகளின் இருப்பையும் இன்மையையும் பார்க்கும் ஸ்பாலிகோடைப்பிங் 1997இலும், 24 இடங்களில் மீள்தொடர்களை எண்ணும் முறை 2006இலும் வந்தன. இவையும் மரபணுத்தொகையின் ஓரத்தையே தொட்டன. ஹெச்37ஆர்வி என்னும் ஆய்வகக் கிருமியின் மரபணுத்தொகையிலுள்ள 44 லட்சம் எழுத்துகள் 1998இலேயே படிக்கப்பட்டிருந்தாலும், நோயாளிதோறும் அப்படிப் படிக்கச் செலவு இடங்கொடுக்கவில்லை.

செலவு குறைந்தபின், முழு மரபணுத்தொகையைப் படிக்கும் முறைக்கு முதல் பெரும் வெற்றி கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிடைத்தது. அங்கே ஒரு நடுத்தர ஊரில் மூன்றாண்டு நீடித்த பரவலை, மீள்தொடர் முறை ஒரே கிருமியின் வேலை என்று காட்டியது. 2011இல் வெளியான ஆய்வு 36 மாதிரிகளை முழுமையாகப் படித்தது; ஒன்றாகத் தெரிந்தது உண்மையில் இரு வேறு கிளைகளின் பரவல். இரண்டுமே முன்பே அவ்வூரில் இருந்தவை. கிராக் கொக்கெய்ன் பழக்கம் பெருகிய காலமும் நோய் பெருகிய காலமும் ஒன்றாக இருந்தன. ஆகவே கிருமி மாறவில்லை, ஊர்தான் மாறியிருந்தது.

காசநோய்க் கிருமியின் மரபணுத்தொகை மெல்லவே மாறுவது. ஜெர்மனியின் ஹாம்பர்க் பகுதியில் 1997 முதல் 2010 வரையிலான ஒரு பரவலில் ஆண்டுக்குச் சுமார் 0.4 எழுத்து மாறியதாகக் கணக்கிட்டனர். இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2013இல் அளவுகோல் வகுத்தனர்: இரு நோயாளிகளின் கிருமிகள் ஐந்து எழுத்துக்குள் வேறுபட்டால் அண்மைத் தொற்று, பன்னிரண்டைத் தாண்டினால் தொடர்பில்லை. ஆனால் லண்டனில் 1995 முதல் பரவிய, ஐசோனியசிட் மருந்துக்கு மசியாத கிருமியின் 300க்கு மேற்பட்ட மாதிரிகள் ஒன்றையொன்று மிகவும் ஒத்திருந்ததால், யார் யாருக்குக் கொடுத்தார் என்பது பல இடங்களில் பிடிபடவில்லை.

இருந்தும், இங்கிலாந்தில் முழு மரபணுத்தொகையைப் படிப்பது இன்று வழக்கமான பரிசோதனை. மருந்து எதிர்ப்பையும் இதிலேயே பார்க்கின்றனர்.