உடப்பு: கரைவலை இழுக்கும் ஊருக்கு ஒரு வழி

கொழும்பிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் ஏறி, சிலாபத்தைத் தாண்டிப் பத்துளுஓயாவில் இறங்கி, கடற்பக்கமாகத் திரும்ப வேண்டும். ஒல்லாந்தர் காலத்து வாய்க்காலையும் களப்பையும் கடந்தால், கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒடுங்கி நீளும் மணற்கரை வரும். அதில்தான் உடப்பு இருக்கிறது. கொழும்பிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தூரம். பக்கத்து ஊர் ஆண்டிமுனை.

வடக்கிலிருந்து வரும் ஒருவருக்கு இந்த ஊர் தரும் முதல் வியப்பு கடல் அல்ல, காதில் விழும் பேச்சு. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையுள்ள கரையோரத்தில் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பல, ஒரு காலத்தில் வீட்டில் தமிழ் பேசியவை. கத்தோலிக்கப் பாடசாலைகளின் போதனாமொழி சிங்களமானதும் இரண்டொரு தலைமுறையில் மொழி மாறிவிட்டது. இன்று அந்த வீடுகள் சிலவற்றில் பாட்டிமார் மட்டும் தமிழ் பேசுவார்கள். பேரப்பிள்ளைகள் சிங்களத்தில் பதில் சொல்வார்கள். அந்தக் கரையைக் கடந்து உடப்புக்குள் நுழைந்தால் கடைப்பலகை, கோயில் ஒலிபெருக்கி, தெருவில் விளையாடும் பிள்ளைகளின் சண்டை எல்லாமே தமிழ். ஊருக்குள் கோயிலும் தமிழ்ப் பாடசாலையும் இருந்தது பெரிய காரணம் என்றே நினைக்கிறேன். தங்கள் முன்னோர் இராமேஸ்வரப் பக்கமிருந்து கடல்வழியாக வந்தவர்கள் என்று ஊரார் சொல்கிறார்கள்.

பார்க்க வேண்டியது கரைவலை. வாடைக்காலத்தில், அதாவது ஒக்டோபருக்குப் பிறகு ஏப்ரல் வரை, மேற்குக் கடல் அடங்கிக் கிடக்கும்போது போங்கள். விடியற்காலையிலேயே கரைக்கு வந்துவிட வேண்டும். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, தோணி வலையை அரைவட்டமாகக் கடலில் இறக்கிக்கொண்டே போய், சற்றுத் தள்ளி மறுமுனைக் கயிற்றோடு கரைக்குத் திரும்பும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு அணியும் ஒன்றையொன்று நெருங்கும். கடைசியில் வருவதுதான் மடி. அதற்குள் சாளையோ சூடையோ நெத்தலியோ துள்ளும். சில நாள் சொறிமுட்டையும் குப்பையுமே வரும். வந்ததில் வலைக்காரச் சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. மணிக்கணக்கில் இழுத்துவிட்டு வெறுங்கையோடு போகிற நாளும் உண்டு.

அந்த இழுவைக்குத் தாளம் கொடுப்பது அம்பாப் பாடல். ஒருவர் அடியெடுத்துப் பாட, மற்றவர்கள் பதில் கொடுத்தபடி ஒரே நேரத்தில் பின்னே சாய்வார்கள். சாமி, காதல், சம்மாட்டிமேல் கோபம் எல்லாம் அதில் வரும். கயிற்றைச் சுற்றியிழுக்க இயந்திரம் வந்துவிட்ட கரைகளில் பாட்டுக்கு வேலையில்லை. நான் போன காலையில் முதியவர் ஒருவர் பாட, இளைஞர்கள் சிரித்துக்கொண்டே பதில் கொடுத்தார்கள். இரண்டாம் அடிக்குமேல் அவர்களுக்குத் தெரியவில்லை.

சோளகம் தொடங்கிக் கடல் கொந்தளித்ததும் மேற்குக்கரை மீனவர்கள் கிழக்குக்கரைக்குப் போய் வாடி போடுவது பழைய வழக்கம். போர்க்காலத்தில் அந்தப் போக்குவரத்து சிதைந்தது. முல்லைத்தீவுப் பக்கத்து வாசகர்களில் வயதானவர்களுக்கு அந்த வாடிகள் நினைவிருக்கலாம்.

ஆடி மாதத்தில் போவதென்றால் அது திரௌபதையம்மன் திருவிழாவுக்கான பயணம். பாரதப்போரின் 18 நாட்களை நினைவூட்டும் 18 நாள் விழா, தீமிதிப்பில் முடியும். நேர்த்தி வைத்தவர்கள் தணலில் இறங்குவார்கள். பார்க்க வருபவர்களில் சிங்கள மக்களும் உண்டு. வீட்டில் ஒருவரைப் போரில் இழந்தவர்களுக்கு அந்தக் கதை எப்படிக் கேட்கும் என்று என்னால் சொல்ல முடியாது. நான் அன்று வெகுநேரம் எழுந்து போகாமல் இருந்தேன்.

வடக்கே கற்பிட்டி வரை போகிறவர்களுக்கு வேறொரு படம் கிடைக்கும். தமிழ் புளூட்டாக் எழுதிய சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்த ஊர் அது. ஒல்லாந்தர் கோட்டை, டொல்பின் பார்க்கும் படகுகள், காற்றாடிச் சறுக்கு என்று வெளிநாட்டார் நிறைய வருகிறார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் பெருந்தொகையினர் வந்து சேர்ந்ததும் இந்த மாவட்டத்துக்குத்தான். தேநீர்க்கடையில் யாழ்ப்பாணத்துப் பேச்சு காதில் விழுந்தால் திரும்பிப் பாருங்கள். முடிந்தால் எந்த ஊர் என்று கேளுங்கள். எங்களில் பலர் அதைக் கேட்காமலே வந்துவிடுகிறோம்.

கற்பிட்டியையும் அதன் தீவுகளையும் உல்லாசத்துறைக்கு ஒதுக்கும் திட்டம் வந்தபோது மீனவர்கள் எதிர்த்தது மணலுக்காக. கரைவலைக்குப் ‘பாடு’ வேண்டும்: தோணி ஏறவும், கயிறு இழுக்கவும், கருவாடு காயவும் இடம். வேலி ஒன்று வந்தால் ஒரு பாடு போயிற்று. மத்தியதரைக் கடலோரத்தில் ஸ்பெயினின் பெனிடோர்ம் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சூரை பிடிப்பவர்களின் ஊராக இருந்தது; இப்போது அது வானளாவிய விடுதிகளால் பெயர்பெற்ற ஊர். உடப்பில் அப்படிப்பட்ட விடுதி வரிசை இல்லை. உடப்பு இளைஞர்களுக்கு வேலை வேண்டும் என்பதும் உண்மை. ஆனாலும் விடுதி வராததைக் குறையென்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே சிலாபத்தில் தங்கி, முன்னேஸ்வரத்தையும் பார்த்துவிட்டு, விடிய முன்னர் உடப்புக்குப் போவது வசதி. சோளகக் காலத்தில் கடலில் குளிக்க இறங்க வேண்டாம். காயும் கருவாட்டுப் பாய்களை மிதிக்காமல் நடக்கவும், பெண்களைப் படமெடுக்குமுன் கேட்கவும் வேண்டும். வலை இழுக்கையில் ஆள் குறைந்தால் உங்களையும் கயிற்றைப் பிடிக்கக் கூப்பிடுவார்கள். உள்ளங்கை கொப்பளிக்கும், பரவாயில்லை. மடி கரையேறியதும் கறிக்கென்று ஒரு பிடி மீன் கையில் தருவார்கள்; வேண்டாமென்று மறுத்துவிடாதீர்கள்.