குப்ரேட் படிகங்களில் தாழ்வெப்பநிலை வெப்பக் கடத்தல்

தாமிர ஆக்சைடு மீகடத்திகளான குப்ரேட்டுகளில், ஒரு கெல்வினுக்கும் கீழே வெப்பத்தைச் சுமப்பவை இரண்டு: படிக அதிர்வுகளான ஃபோனான்கள், இணைசேராத எலக்ட்ரான் கிளர்ச்சிகள். மீகடத்தியில் மின்தடை சுழியாகிவிடுவதால் மின்னளவீடு இக்கிளர்ச்சிகளைக் காட்டாது. வெப்பக் கடத்தல் காட்டும். ஃபோனான் பங்கு ஏறத்தாழ வெப்பநிலையின் மும்மடியாகவும் எலக்ட்ரான் பங்கு நேர்விகிதத்திலும் குறைகின்றன. ஆகவே கடத்துதிறனை வெப்பநிலையால் வகுத்துச் சுழிவரை நீட்டினால், எஞ்சுவது எலக்ட்ரான் பங்கு. மரபான மீகடத்தியில் அது மறைந்துபோகும். குப்ரேட்டில் மறைவதில்லை, ஆற்றல் இடைவெளி சில திசைகளில் சுழியாகும் டி-அலை இணைவுக்கு இது வலுவான சான்று.

மாசுபட்ட, மீகடத்தாத பகுதிகள் தரும் எச்சம்தானே இது என்று கேட்கலாம். 1997இல் லூயி தைலஃபேர் குழுவினர் இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடில் துத்தநாகம் கலந்து சிதறலைப் பெருக்கினர். எச்சம் ஏறத்தாழ மாறவில்லை. மாசு புதிய கிளர்ச்சிகளை உண்டாக்குகிறது, அதே அளவுக்கு அவற்றின் பாதையைக் குறுக்குகிறது, இரண்டும் ஈடாகின்றன. மாசுப்பகுதி விளக்கத்தில் இந்த ஈடுக்கு இடமில்லை. மும்மடி விதி பற்றிய ஐயம் இதைவிடக் கனமானது: வழவழப்பான படிக முகங்கள் ஃபோனான்களைக் கண்ணாடிபோல் பிரதிபலிப்பதால் அடுக்கு மூன்றுக்குக் கீழே இறங்கும், நீட்டிப்பும் பிசகும். எனவே அடுக்கைத் தரவே தீர்மானிக்க விடுவது நல்லது. எலக்ட்ரான்கள் ஃபோனான்களிலிருந்து துண்டிக்கப்படும் மிகத் தாழ்வெப்பநிலையில் எச்சம் குறைவாகத் தெரியும் என்பதும் நினைவிலிருக்க வேண்டும். ஃபோனான்களை வெறும் பின்னணியாகவும் கருத முடியாது: மாசேற்றாத லாந்தனம் தாமிர ஆக்சைடு மின்காப்பி; ஆயினும் 2019இல் அதில் பெரிய வெப்ப ஹால் விளைவு, அதாவது காந்தப்புலத்தில் வெப்ப ஓட்டம் பக்கவாட்டில் விலகுவது, கண்டறியப்பட்டது. அதைச் சுமப்பவை ஃபோனான்கள் என்று பின்னர் வாதிடப்பட்டது.